மீட்டர் பொட்டிப் பக்கத்து ஆணி

ஆமாம்மா, கொறஞ்சிதான் கீது. நான் இல்லன்னு சொல்லல. நீங்க கண்ணாடிய குட்த்துப் பாக்கச் சொல்லவே எனக்கும் தெரிஞ்சிது, கன்னத்துல அந்தச் செவப்பு இல்ல. கழுத்துலயும் இல்ல. இந்தக் கை, தோ, இந்த உள்பக்கம், போன தரம் வந்தப்ப தோலு உரிஞ்சி நண்டு ஓடு மாரி இருந்திச்சி. இப்ப பாருங்க, லேசா கறுத்துப் போயி கீது, அவ்ளோதான். நீங்க நல்லா இருக்கணும்.

சந்தோசந்தான்மா. சந்தோசம் இல்லாம இன்னா.

கண்ணுல தண்ணி வரது எனக்கு எப்பவும் வரதுதான், அத்தப் பாக்காதீங்க. வெளிய அந்த அக்கா தரைய தொடச்சிகினு இருந்தாங்கள்ல, அந்தத் தண்ணியில எலுமிச்ச வாசனையோ இன்னாவோ ஊத்தியிருப்பாங்க. அது பட்டா எனக்கு கண்ணு எரியும். மூக்குக்குத் தெரியாது. கண்ணுக்கும் தோலுக்கும் தெரியும்.

இந்தக் கவரா? ஒண்ணுமில்லம்மா, துணிதான். பழய களிம்பு டப்பாவெல்லாம் நீங்க சொன்ன அன்னிக்கே தூக்கிப் போட்டாச்சி. இது சொம்மா மடியில வச்சிகினு கீறேன்.

இல்லம்மா, கூட யாரும் வரல. எம் பொண்ணு கார்குழலி ஆவடியில வாழ்க்கப்பட்டுகீறா, ஆபீஸ் போறவ. வரேன்னுதான் சொன்னா. நாந்தான் வேணாம்னுட்டேன். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தனியாத்தான் கேக்கணும்னு வந்தேன். கேக்கறேன், இருங்க. வெளிய கூட்டம் கீது, தெரியும். போன தரம் நீங்க ஒண்ணு கேட்டீங்க, நான் அதுக்கு பதிலு சொல்லாம பூட்டேன். அத்த மொதல்ல சொல்லிட்டாத்தான் இத்தக் கேக்க முடியும்.

அதாம்மா, ஒரு மனுசன் ஒடம்ப வரைஞ்சி எங்கெங்க கீதுன்னு கோடு போட்டீங்களே. எடது கன்னம் சுத்தமா கீது, நெத்தி சுத்தமா கீது, முதுகு சுத்தமா கீது. வலது கன்னம், கழுத்து, வலது கை உள்பக்கம், நெஞ்சுக்குழி. இங்க மட்டும் இன்னா படுது, நல்லா ரோசன பண்ணி சொல்லுங்கன்னீங்க. தெர்லன்னுட்டேன். தலகாணிய மாத்தச் சொன்னீங்க, மாத்தினேன். செல்போன வலது காதுல வச்சிப் பேசறீங்களான்னு கேட்டீங்க. எனக்கு யாரும்மா போன் பண்றா.

முதுகுல ஸ்டிக்கர் மாரி ஒட்டி அனுப்பினாங்களே உங்க ஆளுங்க, அதுலயே தெரிஞ்சிபோச்சே, வாசனதான் ஆவாதுன்னு. அத்த ஒட்டாமலே நான் சொல்லியிருப்பேன். சின்னதுலருந்தே கீதும்மா எனக்கு. எங்கம்மா தல வாரி மல்லிய வச்சி அனுப்பினா மத்தியானத்துக்குள்ள பின்கழுத்துல கொப்பளம் வந்துடும். அப்ப யாருக்குத் தெரியும், சூட்டுக் கொப்பளம்னுவாங்க, அம்மா வெளையாடறான்னு வேப்பெலயில படுக்க வப்பாங்க. பவுடரு ஆவாது, வாசன சோப்பு ஆவாது, சாம்பிராணி ஆவாது. கல்யாண வூட்டு வாசல்ல பன்னீர் தெளிக்கறாங்களே, அத்தப் பாத்தாலே தூணு பின்னால போயி நின்னுக்குவேன். தும்மலு, தலவலி, அப்பால தடிப்பு. வரிசயா வரும்.

ஆனா நாத்தம் ஒண்ணியும் பண்ணாது. அதான் கூத்து. எங்க வூடு விம்கோ நகர்ல. காத்து ஒரு பக்கம் அடிச்சா எண்ண நாத்தம், ஒரு பக்கம் அடிச்சா கருவாட்டு நாத்தம், மய பேஞ்சா கால்வா நாத்தம். அல்லாரும் மூக்கப் பொத்திகினு போவாங்க, நான் பாட்டுக்கு வாசல்ல குந்திகினு அரிசி பொடச்சிகினு இருப்பேன். எழிலன், எம் புள்ள, சின்னவன், அவன் சொல்லுவான்: யம்மா, நீ கரெக்டா பாத்துதான் இந்த ஊர்ல பொறந்துகீற. வேற ஊர்ல பொறந்திருந்தா பூவு, சந்தனம்னு காட்டியே உன்ன முடிச்சிருப்பானுங்க. இங்க அந்த பேஜாரே இல்ல, அல்லாம் கலீஜ்தான்னுவான். சிரிக்காம சொல்லுவான் அவன். நம்மதான் சிரிப்போம்.

கோயிலுக்குப் போவேன்மா. வெள்ளிக்கெயம தவறினது இல்ல. வடிவுடையம்மன் கோயிலு. ஆனா உள்ள போவ முடியாது. பூக்கடைங்க, கற்பூரம், ஊதுவத்தி. தெரு மொனையில டீக்கடைகிட்ட நின்னு, கோபுரத்தப் பாத்துக் கும்புட்டுட்டுத் திரும்பிடுவேன். ஊருக்கே வேண்டிக்குவேன், அங்க நின்னுகினே. டீக்கடைக்காரரு கூட கேப்பாரு, இன்னா தாயம்மாக்கா, ஆத்தாகிட்ட இன்னா சண்டன்னு. சண்டல்லாம் இல்ல, அவளுக்குத் தெரியும் நான் ஏன் தூரமா நிக்கிறேன்னு.

கார்குழலி கல்யாணத்துல பெரிய பேச்சாப் பூடுச்சி. அவங்க அப்பா நீலமேகம் அப்ப நல்லா இருந்தாரு, இப்ப அவரும் இல்ல. புருசன் குத்துக்கல்லாட்டம் நிக்கறான், பொண்ணப் பெத்தவ தலயில ஒரு முயம் பூ இல்லாம நிக்கறான்னு மாப்ள வூட்டுப் பொம்பளைங்க பேசிக்கறாங்க. எனக்குக் காதுல வியுது. இன்னா பண்றது. எழிலன் காணாமப் பூட்டான். கொஞ்ச நேரங்கயிச்சி வேர்த்து விறுவிறுத்து வரான், கையில துணியில செஞ்ச மல்லிச்சரம். ராயபுரம் மார்க்கெட்ல வாங்கிகினு வந்தானாம். அந்தத் துணிப் பூவுலயும் சென்ட்டு அடிச்சித்தான் விக்கறாங்களாம்மா. ஒவ்வொரு சரமா எடுத்து மோந்து மோந்து பாத்துகீறான். கடக்காரரு கேட்டாராம், இன்னாபா, துணிப் பூவ மோந்து வாங்கறவன இப்பத்தான்யா பாக்கறேன்னு. இவன் சொன்னானாம், எங்கம்மாவுக்கு வாசனயே இல்லாத பூ வேணும், இருந்தா குடுங்க, இல்லன்னா எதுத்த கடைக்குப் போறேன்னு. அவனே எந் தலயில சொருவி விட்டான். கல்யாணப் போட்டோவுல கீது பாருங்க, அசல் மல்லி மாரியே.

தோ வரேன்மா, அதுக்குதான் வரேன்.

அந்தக் காய்ச்ச வந்துதே ஊருக்கெல்லாம், வூட்டுக்குள்ளயே குந்திகினு இருந்தமே, அப்ப எனக்கும் வந்துது, மூக்குல வாசன பூடுச்சி. அல்லாருக்கும் ஒரு மாசம், ரெண்டு மாசத்துல மூக்கு திரும்ப வந்திச்சி. எனக்கு வரல. ரசத்துக்கும் வெந்நிக்கும் வித்தியாசம் தெர்ல. அக்கம்பக்கத்துல சொன்னாங்க, உனக்கு இது நல்லதுக்குதான் தாயம்மா, இனிமே பூ வச்சிக்கோ, பவுடரு போட்டுக்கோ, உனக்குத்தான் வாசனயே தெரியாதேன்னு. நானும் நம்பிட்டேன்மா. ஒரு நாளு, ஆசைக்கு, பக்கத்து வூட்டுப் பாப்பாவத் தூக்கி கொஞ்சினேன். குளிப்பாட்டி பவுடரு போட்டு வச்சிருந்தாங்க. சாய்ந்தரம் நெஞ்செல்லாம் தடிச்சிப் போச்சி. மூக்குதான் செத்துது, தோலு சாவல. மின்னயாவது வாசன வந்தா மூக்கு சொல்லிடும், நவுந்துடுவேன். அப்பறம் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல, நேரா அடிதான்.

அன்னியிலருந்து எழிலன்தான் எனக்கு மூக்கு.

எது வாங்கினாலும் அவன் மோந்து பாத்துக் குட்த்தாதான் எங்கையில வரும். கொயந்த சோப்பு நல்லதுன்னு ஊரே சொல்லும். அதுலதான் வாசன ஜாஸ்தின்னு தூக்கிப் போட்டான். கார்குழலி போன்ல பாத்து பாத்து வரவயிப்பா, வாசன இல்லாததுன்னு கொட்ட எழுத்துல போட்டிருக்குமாம். இவன் பிரிச்சி ஒரு இஸ்ப்பு இஸ்த்துட்டு சொல்லுவான்: யக்கா, வாசன இல்லன்னு எயுதி, வாசன இல்லாத மாரி ஒரு வாசன போட்டுகீறான். திருப்பி அனுப்புன்னுவான். மெடிக்கல்ல நின்னுகினு களிம்பு மூடியத் தொறந்து மோப்பான். கடக்காரங்க மொறைப்பாங்க. தேங்கா எண்ண செக்குல ஆட்டினது, அதுவும் எங்க வூட்டு தூக்குலதான். அவங்க டப்பாவுல மின்ன தலத்தைலம் இருந்திருக்கும்னுவான். துணி தொவைக்க பூந்திக்கொட்ட. குளிக்க பயத்தமாவு. வெறும் பயறு. ஆவாரம்பூ கூடாது, வெட்டிவேரு கூடாது, ஒண்ணும் கூடாது.

அந்த பயத்தமாவுலயே ஒரு தரம் மாட்டிகினேன். சுத்தமான பயறு, வூட்ல காய வச்சது. அரைச்சிகினு வந்து குளிச்சா ஒடம்பு பூரா நெருப்பு. இன்னாடான்னு பாத்தா, நமக்கு மின்ன வந்த ஆளு அந்த மிஷின்லயே பூலாங்கெயங்கும் கஸ்தூரி மஞ்சாவும் அரைச்சிட்டுப் போயிகீது. அந்தத் தூளு மிஷினுக்குள்ள ஒட்டிகினு கீது. அதுக்கப்பறம் எழிலன் ஒரு பையில நொய் அரிசி எடுத்துகினு போவான். மொதல்ல அத்தப் போட்டு அரைச்சி கோயி துன்னக் கொட்டிட்டு, மிஷினு வாயில தலய வுட்டு மோந்துட்டு, அப்பால பயறு போடச் சொல்லுவான். மிஷின்காரரு வெள்ளத்துரைன்னு, தெக்கத்திக்காரரு, நல்ல மனுசன். கிண்டல் பண்ணுவாரு. ஏலே தம்பி, எங்க கடையில மோப்பம் புடிக்க ஆளு இருக்குன்னு போர்டு போட்டுறவான்னு. இவன் விடுவானா. போடு அண்ணாச்சி, ஆனா போலீஸ் நாய்க்குக் கூட பிஸ்கோத்து உண்டு, நான் வெறும் மூக்கோட நிக்கறேன்னுவான்.

இப்பவா? இப்ப யாரும் மோந்து குடுக்கறது இல்லம்மா. மெடிக்கல்ல கீற பொண்ணுகிட்ட நீங்க எயுதிக் குட்த்த களிம்பக் காட்டி, கண்ணு, கொஞ்சம் மோந்து பாத்து சொல்லேன்னேன். அது சிரிச்சிது. சின்னப் பொண்ணு, பாவம், அதுக்கு இன்னா தெரியும்.

எழிலன் ட்ரெய்லரு ஓட்டினான்மா. ஹார்பர்லருந்து கண்டெய்னரு ஏத்திகினு போறது, எறக்கிட்டு வரது. ஓனரு வண்டி. கேபினுக்குள்ள சாமி படம், அதுக்கு ஊதுவத்தி, கண்ணாடியில தொங்குற வாசன அட்ட. வண்டியில அதெல்லாம் இருக்கத்தான் செய்யும், இவன் வேணாம்னா ஓனரு கேப்பாரா. அத்தொட்டு வேலைக்குப் போன நாள்லருந்து அவனா ஒரு பயக்கம் வச்சிகினான். எங்க வூட்டு மாடிப்படி கீய கரண்டு மீட்டர் பொட்டி கீது. அது பக்கத்துல ஒரு ஆணி அடிச்சான். வண்டி வுட்டு எறங்கி வந்தா, வூட்டுக்குள்ள கால வைக்கமாட்டான். ஆணியில சட்டய கயட்டி மாட்டுவான், வெளிக் கொயாயில தலயோட குளிப்பான், நான் கதவிடுக்குல வூட்டுச் சட்டய நீட்டுவேன், அத்தப் போட்டுகினுதான் உள்ள வருவான். வெளிச் சட்டய அவனே அங்கியே அலசிப் போட்டுக்குவான். உள்ளயே வராது அது. மயயா இருந்தாலும் சரி, பனியா இருந்தாலும் சரி. நான் சொல்லுவேன், நைனா, எனக்கு மூக்கே இல்ல, கொஞ்சம் தடிச்சா தடிச்சிட்டுப் போவட்டும், உள்ள வந்து குளிடான்னு. உனக்கு மூக்கு இல்ல, எனக்கு கீதேம்மான்னுவான்.

ஆமாம்மா. ஓட்டினான்னுதான் சொன்னேன்.

ஹார்பரு ரோட்டப் பாத்திருப்பீங்க. லாரிங்க வரிசயா நிக்கும், ஒண்ணு பின்னால ஒண்ணு, நாளு பூரா. அங்கியே துன்னு, அங்கியே தூங்கி, முன்ன வண்டி நவுந்தா பின்ன வண்டி நவுரும். அன்னிக்குக் காலையில முன்ன வண்டி நவுந்துச்சி. எழிலன் வண்டி நவுரல. பின்னால கீறவங்க ஹாரனு அடிச்சாங்களாம். திட்னாங்களாம், டேய், தூங்கறதுக்கு வூடு இல்லியாடான்னு. டில்லிபாபுன்னு அவன் தோஸ்து, அவனும் அதே கியூவுல பின்னால நின்னுகினு இருந்தான். எறங்கி வந்து கதவத் தொறந்தா, ஸ்டீரிங்கு மேல கைய மடிச்சி அதும்மேல தலய வச்சிகினு கீறானாம். தூங்கறான்னேதான் நெனச்சானாம். தோள்ல தட்டினானாம், மாமு, வரிச நவுந்துடுச்சி மாமுன்னு.

நெஞ்சு நின்னு போச்சின்னாங்க. அந்த வயசுல யாருக்குமா நெஞ்சு நிக்கும். நீங்க டாக்டரு, உங்களுக்குத் தெரியும். எனக்கு யாரு சொன்னாலும் புரியமாட்டேங்குது.

இல்ல இல்ல, தண்ணி வேணாம்மா. நீங்க குந்துங்க. சொல்லிடறேன், முடிஞ்சிது.

வூட்டுக்கு எடுத்துகினு வந்தாங்க. ஊரு வயக்கந்தான, வந்தவங்க அல்லாரும் மாலையோட வந்தாங்க. ரோசாப்பூ, பன்னீரு, தல மாட்டுல கத்த கத்தயா ஊதுவத்தி. எம் பொண்ணு என்னப் புடிச்சிகினா, யம்மா, கிட்ட போவாத, பூவெல்லாம் கீது, உன்னால தாங்க முடியாதுன்னு. அவ நல்லதுக்குத்தான் சொன்னா. எவ்ளோ நேரம் நிப்பேன், தூரமாவே? ஆத்தா கோயிலா அது? பெத்த புள்ள. போயி வியுந்துட்டேன் அவன் மேல. கொஞ்ச நேரத்துல மூஞ்சி வீங்கி கண்ணு ரெண்டும் மூடிகிச்சி. தெறக்க வரல. மோளம் கேட்டுது, அவன எடுக்கறாங்கன்னு தெரிஞ்சிது. தெருமொனை தாண்டறத நான் பாக்கலம்மா. காதால கேட்டதுதான்.

காரியமெல்லாம் முடிஞ்சி கார்குழலி அவ வூட்டுக்குப் போனப்பறம், பீரோவத் தொறந்து அவன் துணிய ஒண்ணொண்ணா எடுத்து மோந்தேன். மூக்கு இல்லாதவ மோந்து இன்னா பண்றது, ஆனாலும் மூஞ்சில வச்சி வச்சிப் பாத்தேன். ஒண்ணியும் இல்ல. ஒரு அரிப்பு கூட இல்ல. அத்தினியும் எங்கையால பூந்திக்கொட்டையில தொவச்சது. அவன் வாசன துளி கூட வூட்ல தங்காம நானேதான் தொவச்சி தொவச்சி காய வச்சிகீறேன்.

அப்பறம் ஒரு நாளு கரண்டு ரீடிங் எடுக்க ஆளு வந்தாங்க. கூப்ட்டாங்க, யம்மா, இந்தச் சட்டயக் கொஞ்சம் எடுங்க, மீட்டரு மறைக்குதுன்னு.

ஆணியில கீது, அவன் கடேசியா வூட்டுக்கு வந்த அன்னிக்கு மாட்டினது. அலசாம பூட்டான். மறுநா வண்டிக்கு வேற சட்ட போட்டுகினு போயிட்டான்ல. அத்தினி கும்பலு வந்துது, அத்தினி பேரு அந்தப் படியேறி எறங்கினாங்க, யாரு கண்ணுலயும் படல. நீலத்துல கட்டம் போட்டது. காலர்ல கொஞ்சம் கிரீஸ் கற.

அத்த நான் வூட்டுக்குள்ள எடுத்துகினு போனேன்மா. அவன் ஒரு நாளும் உள்ள கொண்டாராத சட்ட.

படுக்கறப்போ வலது பக்கமா படுத்து, இந்தக் கையில சுத்தி, கன்னத்துக்கு அடியில வச்சிகினேன். மோந்தேன், ஒண்ணுந் தெர்ல. வெறும் துணிதான், அவன் இதுலயும் இல்லன்னு அயுதுகினே தூங்கிட்டேன். விடிஞ்சி எயுந்தா கன்னம் தடிச்சி கீது. கை உள்பக்கம் செவந்து கீது. அரிக்குது, எரியுது. கண்ணாடிகிட்ட போயி நின்னுகினு பாத்துகினே கீறேன். அடப்பாவி, கீறான்டா இதுலன்னு தோணுச்சி. என்னால சோறு துன்ன முடிஞ்சது அன்னிக்குதாம்மா.

அந்தச் சட்டயில கீறது ஊதுவத்தி மட்டும் இல்லம்மா. அது எனக்கு அப்பறந்தான் தெரிஞ்சிது. டில்லிபாபு ஒரு நாளு வந்து வாசல்ல குந்திகினு பேசிகினு இருந்தான். எழிலனுக்கு அத்தருன்னா உசுராம். மொஹ்சின் பாயின்னு, எங்க ஏரியாவுல சின்னதா ஒரு அத்தரு கடை. காலையில வூட்டுலருந்து கெளம்பி, தெரு தாண்டி, அங்க நின்னு காலர்ல ரெண்டு சொட்டு தடவிகினுதான் வண்டி ஏறுவானாம். சாய்ந்தரம் கயட்டி ஆணியில மாட்டுவானாம். டில்லிபாபு சொல்றான்: நாங்க கேப்போம்மா, இன்னாடா, ஆத்தா வூட்ல நெடியே ஆவாதுன்ற, நீ இன்னாடான்னா மாப்ள மாரி மணக்கறன்னு. அதுக்கு அவன் சொல்லுவான், வூடு எங்கம்மாவுது மாமு, தெரு என்னுதுன்னு.

எனக்குத் தெரியாதும்மா. வாசன எம் புள்ளைக்கு அவ்ளோ இஷ்டம்னு அவன் பொறந்ததுலருந்து எனக்குத் தெரியாது. ஒரு பூ கூட வச்சது இல்ல எங்க வூட்ல. அவன் கேட்டதும் இல்ல.

பாதி பாட்டிலு வண்டியில இருந்திச்சின்னு டில்லிபாபு கொண்டாந்தான். நான் வாங்கிக்கல. அத்த யாரு பூசிகினாலும் எனக்கு அரிக்கும். தெருவுல போறவன் பூசிகினாலும் அரிக்கும். அது எழிலன் இல்ல. சட்டயில கீறது அவன் ஒடம்புல, அவன் வேர்வையில ஊறிக் காஞ்சது.

அதாம்மா உங்க கேள்விக்கு பதிலு. வலது கன்னம், கழுத்து, கை, நெஞ்சுக்குழி. அங்க அவன்தான் படறான்.

கோச்சிக்காதீங்க, இன்னொண்ணும் சொல்லணும். நீங்க குட்த்த களிம்ப நான் பூசல. கார்குழலி ஞாயித்துக்கெயம வரப்போ அவ எதுக்க கொஞ்சம் பூசிக்குவேன். அவ அந்தாண்ட போனதும் தொடச்சிடுவேன். டப்பா அப்டியே கீது, வேணுன்னா கொண்டாந்து காட்டறேன். ஊருக்கெல்லாம் ஆத்தாகிட்ட வேண்டிகினு நிக்கறவ, இந்த அரிப்ப சரியாக்குன்னு மட்டும் ஒரு தரம் கூட வேண்டிக்கலம்மா. இத்த எடுத்துடாதன்னு கூட கேக்கல, அப்டி கேக்கலாமான்னு தெர்ல. வாயே தொறக்கல.

மருந்தே போடல. சட்ட அதே சட்ட. தொவைக்கல, காய வைக்கல, கவர்ல கட்டித்தான் வச்சிருப்பேன். படுக்கறப்ப மட்டும் எடுப்பேன். ஆனா கொறஞ்சிகினே வருது. மொதல்ல கன்னத்துல போச்சி. அப்பால கழுத்துல. போன வாரம் கை நல்லாயிடுச்சி. கார்குழலி போன்ல சிரிக்கறா, பாத்தியா, அந்த டாக்டரு கைராசிக்காரங்கன்னு. நான் ஆமான்னு சொல்லி வச்சிட்டேன். நேத்து சட்டயப் பிரிச்சி மூஞ்சி மேலயே போட்டுகினு படுத்தேன்மா. காலையில எயுந்து கண்ணாடியப் பாத்தா நெத்தி, கன்னம், அல்லாம் சுத்தமா கீது. கொயந்த மூஞ்சி மாரி.

மருந்து போடாம நல்லாயிட்டா இன்னா அர்த்தம்மா. நீங்க பட்ச்சவங்க.

எனக்குத் தோணறது எனக்குத் தெரியும். இருந்தாலும் என் தோலு சொல்றத மட்டும் எப்டி நம்பறது. ஒருவேள தோலும் மூக்கு மாரி மரத்துப் பூடுச்சோ இன்னாவோ. அப்டியும் இருக்கலாம்ல? அப்ப சட்டயில அவன் இன்னும் இருப்பான்ல?

கார்குழலிகிட்ட கேக்க முடியாது, அவ இத்தப் பாத்தா அன்னிக்கே தண்ணியில போட்டுடுவா. டில்லிபாபுகிட்ட கேட்டா இல்லாங்காட்டியும் கீதும்மான்னு சொல்லுவான், அவன் மனசு அப்டி. எழிலன் இருந்தா சரியா சொல்லிடுவான். கீதுன்னா கீதும்பான், இல்லன்னா இல்லம்பான், எங்கிட்ட அதுல பொய்யே சொன்னது கெடையாது. அந்த மாரி யாராவது ஒருத்தரு சொல்லணும். நீங்க என்னிய முன்னப்பின்ன தெரியாதவங்க. எனக்காவ பொய் சொல்லணும்னு உங்களுக்கு இல்ல.

இதான்மா, கவர்ல கீறது. நான் அவுக்கறேன், நீங்க ரொம்ப நேரம் தொறந்து வைக்க வேணாம், பேனு காத்து அடிக்குது. காலருகிட்ட, தோ, இந்த கற கீது பாருங்க, அதுக்குப் பக்கத்துல. அங்கதான் தடவிக்குவானாம்.

ஒரு தரம் மோந்து பாத்து சொல்லுங்கம்மா. மாஸ்க்க மட்டும் கொஞ்சம் எறக்கிக்கினு.